சிங்கப்பூர் வார்டுல முதல் வருஷம்: புதுசா வர்ற நர்ஸ் தங்கச்சி, தம்பிகளுக்கு

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் சூட்கேஸ் வாங்கக் கிளம்பிடாதீங்க. எந்த வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்கன்னு முதல்ல படிங்க. ஸ்டாஃப் நர்ஸா, அதுக்கு ஒரு படி கீழ என்ரோல்டு நர்ஸா, இல்ல ஹெல்த்கேர் அசிஸ்டண்டா? பி.எஸ்சி. முடிச்ச பிள்ளைகளையே "முதல்ல அசிஸ்டண்டா போ, அப்புறம் நர்ஸா மாத்திக்கலாம்"னு அனுப்புற ஏஜெண்டுங்க இருக்காங்க. அது தானா மாறாது. சிங்கப்பூர் நர்சிங் போர்டுல பதிவு கிடைச்சாத்தான் இங்க நர்ஸ். வெளிநாட்டுல படிச்சவங்களுக்குப் பெரும்பாலும் முதல்ல நிபந்தனையோட பதிவு தருவாங்க, சீனியர் கண்காணிப்புலதான் வேலை. தமிழ்நாடு நர்சிங் கவுன்சில்ல வாங்க வேண்டிய வெரிஃபிகேஷன் எல்லாத்தையும் ஊர்ல இருக்கும்போதே முடிச்சுடுங்க. இங்க வந்துட்டு அப்பாவை அலைய விடாதீங்க, பாவம்.

ஏஜெண்ட் காசு பத்தி எல்லாரும் கேக்குறீங்க. சிங்கப்பூர்ல லைசென்ஸ் வாங்கின ஏஜென்சி உங்ககிட்ட ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு ஒரு மாசச் சம்பளம் வாங்கலாம். எத்தனை வருஷ ஒப்பந்தமா இருந்தாலும் 2 மாசச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. முதல் 6 மாசத்துக்குள்ள முதலாளி வேலையை விட்டு நிறுத்திட்டா, வாங்கினதுல பாதியைத் திருப்பித் தரணும். ஆனா ஊர்ல இருக்கிற ஏஜெண்ட் தனியா கறக்குற லட்சங்களுக்கு இந்த வரம்பு கிடையாது. நகையை அடகு வைக்கச் சொன்னா, அந்த ஆளை விட்டு விலகிடுங்க. பாண்டு, அதாவது கட்டாயமா வேலை பாக்க வேண்டிய காலம், எத்தனை வருஷம், நடுவுல போனா எவ்வளவு கட்டணும்னு எழுத்துல பாத்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

சரி, வார்டுக்கு வருவோம். முதல் வாரம் உங்களைத் தடுமாற வைக்கப் போறது யூனிட்தான். ஊர்ல சுகர் 250ன்னா மனசுல உடனே ஒரு கணக்கு ஓடும். இங்க மானிட்டர்ல 14ன்னு வரும். மில்லிமோல் கணக்கு, 18ஆல பெருக்கினா நம்ம ஊர் எண். 4க்குக் கீழ போனா லோ சுகர், உடனே சொல்லணும். கிட்னி டெஸ்ட்ல கிரியேட்டினின் 90ன்னு பாத்து அலறாதீங்க, அது நம்ம ஊர் 1தான். சோடியம், பொட்டாசியம் மட்டும் ரெண்டு ஊர்லயும் ஒரே எண். பல வார்டுல சுகர் குத்திப் பாக்குறதை 'ஹைப்போகவுண்ட்'னு சொல்வாங்க, பிரஷர், பல்ஸ் மாதிரி வைட்டல்ஸை 'பாராமீட்டர்ஸ்'னு சொல்வாங்க. "பாராஸ் எடுத்தாச்சா?"ன்னு சீனியர் கேட்டா முழிக்காதீங்க.

ரெண்டாவது, ஊர்ல பேஷண்ட்டைக் குளிப்பாட்டுறது, ஊட்டுறது, துணி மாத்துறது எல்லாம் கூட இருக்கிற சொந்தக்காரங்க வேலை. இங்க ராத்திரி பகலா யாரும் கூட உக்காந்திருக்க மாட்டாங்க. டயப்பர் மாத்துறது உங்க வேலைதான், டிகிரி ஹோல்டர்ங்கிறதுக்காக விட மாட்டாங்க. முகம் சுளிக்கிறவங்களைப் பாத்திருக்கேன். ஆனா ஒரு பாட்டியைப் பக்கவாட்டில திருப்புற அந்த ஒரு நிமிஷத்துலதான் இடுப்பெலும்புக்கு மேல தோல் சிவந்திருக்கிறது கண்ணுல படும். விரலால அமுக்கிப் பாருங்க. வெளுக்காம சிவப்பு அப்படியே நின்னா படுக்கைப் புண் ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், அப்பவே எழுதுங்க, சொல்லுங்க. சார்ட்டை மட்டும் பாக்குற நர்சுக்கு இது கடைசியிலதான் தெரியும்.

நான் முக்கியமா சொல்ல வந்தது இதுதான்: வாயைத் திறங்க. ஊர்ல டாக்டர் முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்னே பழகினோம். இங்க அப்படி நின்னா "இந்தப் பிள்ளைக்குப் புரிஞ்சுதா இல்லையா"ன்னு பயப்படுவாங்க. போன்ல ஆர்டர் சொன்னா எழுதி, திரும்பப் படிச்சுக் காட்டி, அவர் சரின்னு சொன்னப்புறம் செய்யுங்க. இன்சுலின், ஹெப்பாரின் மாதிரி அளவு தப்பினா ஆபத்தான மருந்துக்கு ரெண்டாவது ஆள் செக் பண்ணணும். பிஸியா இருக்காங்கன்னு தனியா குடுத்துடாதீங்க. சீனியர் சிடுசிடுன்னாலும் கேளுங்க. ஒரு நாள் திட்டுவாங்க, மறுநாள் மறந்துடுவாங்க. தப்பா குடுத்த மருந்து மறக்காது.

மொழி? மலாய்ல 'சக்கிட்', இங்க சீனப் பெரியவங்க பேசுற ஹொக்கியன்ல 'தியா', ரெண்டும் வலி. 'பங் ஜியோ'ன்னா ஒண்ணுக்கு. இதை முதல் நாளே கத்துக்குங்க. இல்லேன்னா ஆ மா (சீனப் பாட்டி) தானே எழுந்து பாத்ரூமுக்கு நடந்து விழுந்துடும். உங்களை 'மிஸ்ஸி'ன்னு கூப்பிடுவாங்க, பேர் சொல்லலைன்னு வருத்தப்பட வேண்டாம். தமிழ்ப் பெரியவங்க இருந்தா, "எந்த ஊரும்மா நீ?"ன்னு ஆரம்பிச்சு உங்களுக்கு மாப்பிள்ளை பாக்குற வரைக்கும் போவாங்க. டாக்டர் உங்களை மொழிபெயர்க்கச் சொன்னா, அவர் சொன்னதை மட்டும் சொல்லுங்க. "பயப்படாதீங்க தாத்தா, சின்ன ஆபரேஷன்தான்"னு நீங்களா சேத்துச் சொல்லாதீங்க. சம்மதம்னு கையெழுத்துப் போடப் போறது அந்தத் தாத்தா.

காசு விஷயம் சுருக்கமா. சிபிஎஃப், அதாவது இந்த ஊர் பி.எஃப்., குடிமக்களுக்கும் பிஆருக்கும் (நிரந்தரவாசி) மட்டும்தான். நமக்குப் பிடிக்கவும் மாட்டாங்க, முதலாளி போடவும் மாட்டாங்க. வருமான வரியும் மாசாமாசம் பிடிக்கிறதில்ல, அடுத்த வருஷம் மொத்தமா பில் வரும், அதுக்கு ஒதுக்கி வைங்க. பொது மருத்துவமனைன்னா, நர்சுங்க வேலையை விட்டுப் போகாம இருக்கப் பணம் குடுக்குற, 2024ல அறிவிச்ச 'ஏஞ்சல்' திட்டம் இருக்கு, 20 வருஷத்துல 1 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும், 4லிருந்து 6 வருஷத்துக்கு ஒரு தவணை. வெளிநாட்டு நர்சும் ஒரே மருத்துவமனைக் குழுமத்துல தொடர்ந்து 4 வருஷம் வேலை பாத்திருந்தா தகுதி உண்டு. அடிக்கடி தாவ நினைக்கிறவங்க இதையும் கணக்குல வைங்க.

ரூமுக்கு வாடகை மட்டும் பாக்காதீங்க. எச்டிபி வீட்டுல (அரசாங்க அடுக்குமாடி) குறைஞ்சது 6 மாசத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம், அதனால அவசரப்பட்டு ஒத்துக்கிட்டா சிக்கல். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் மளிகை, மெஸ், கோயில் எல்லாம் காலடியில. ஆனா காலை ஷிஃப்ட்டுக்கு முதல் ரயிலைப் பிடிச்சு ஓடணும்னா, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல கொஞ்சம் கூடக் குடுத்தாலும் தப்பில்ல. 'லைட் குக்கிங்'னு போட்டிருந்தா மேகி போடலாம், கருவாட்டுக் குழம்பு வைக்க முடியாதுன்னு எடுத்துக்குங்க. அதை விட முக்கியமா, ஏர்கான் எத்தனை மணிக்குப் போடலாம்னு கேளுங்க. ராத்திரி மட்டும்தான்னு சொல்ற வீட்டுக்காரங்க நிறைய. நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்து மத்தியானம் பன்னிரண்டு மணி வெயில்ல நீங்கதான் தூங்கணும். பகல்லயும் போட்டுக்கலாம்னு வாட்ஸ்ஆப்லயாவது எழுதி வாங்கிட்டு, அப்புறம் டெபாசிட் குடுங்க.