மேலத்தெரு குடும்பம்: வாட்ஸ்அப் குழு

வியாழன், காலை 7.10

அம்மா: திவ்யாவுக்கு எம்.ஏ. வரலாறு சீட் கிடைத்துவிட்டது, சென்னையில். நாளை மாலை 5 மணிக்குள் பணம் கட்ட வேண்டுமாம். இவள் அப்பா வாயே திறக்கவில்லை. பெரியவர்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சித்தி: வாழ்த்துகள்டி திவி 💐

கார்த்தி: சூப்பர்

பெரியப்பா: மறுபடியும் வரலாறா? பி.ஏ.வும் அதுதானே.

பெரியப்பா: குரூப் 2 எழுதச் சொன்னேன். அதற்கு ஒரு டிகிரி போதும்.

அத்தை: அண்ணா, காலையிலேயே ஆரம்பிக்காதே

சித்தி: கார்த்தி, காதுகுத்துக்கு வேன் சொல்லியாச்சா?

கார்த்தி: சொல்லியாச்சு சித்தி. 24ஆம் தேதி விடியற்காலை

சித்தப்பா: அண்ணனுக்கு விவரமாகவே சொல்கிறேன். எம்.ஏ.வும் பி.எட்.டும் இருந்தால் முதுநிலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். கல்லூரி வேலை என்றால் நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வு. நெட் வருடத்துக்கு இரண்டு முறை வரும். அதிலேயே ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் ஆராய்ச்சி செய்யும்போது மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. குரூப் 2 எங்கேயும் ஓடிவிடாது, இவளுக்கு வயது இருக்கிறது.

சித்தப்பா: அப்புறம், "மறுபடியும் வரலாறா" என்ற கேள்விக்கு. பள்ளியில் நாங்கள் சொல்லிக் கொடுப்பது முடிவை மட்டும்தான். அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள், சான்றை யார் எழுதினார்கள், யாருக்காக எழுதினார்கள் என்பதெல்லாம் எம்.ஏ.வில்தான் வரும். உத்தரமேரூர் குடவோலையைப் பாடப் புத்தகத்தில் தேர்தல் என்று படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு அது. அதையே வரிவரியாகப் படித்தால், ஓலையில் பெயர் எழுதுவதற்கே நிபந்தனை இருக்கிறது: கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35 முதல் 70 வரை, வேதப் பயிற்சி. ஏர் பிடித்த கூலியாளின் பெயர் அந்தக் குடத்துக்குள் விழவே வழியில்லை. இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால்தான் அது வரலாற்றுப் படிப்பு.

கார்த்தி: 👍

சித்தி: இவர் இன்னும் பல்கூட விளக்கவில்லை

பெரியப்பா: படித்தேன். ஹாஸ்டலுக்கு யார் கட்டுவது?

அத்தை: ஹாஸ்டல் எதற்கு? எங்கள் குரோம்பேட்டை வீட்டில் மாடி அறை சும்மாதானே கிடக்கிறது. ரயில் ஏறினால் நேராக எழும்பூர்.

அம்மா: உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள் அண்ணி

அத்தை: அவர் என்ன சொல்லப் போகிறார். நிலப் பேச்சு எடுக்காதவரை எல்லோரும் அவருக்கு வேண்டியவர்கள்தான்.

திவ்யா: எழும்பூரில்தான் அத்தை ஆவணக் காப்பகமும். 1909இல் இருந்து அங்கே இருக்கிறது. வருவாய் வாரியத்து ஆவணங்கள் எல்லாம் அங்கேதான். ஆய்வேட்டுக்கு நம்ம ஊர்ப் பக்கத்துக் குத்தகைக்காரர்களையே எடுக்கலாம் என்று இருக்கிறேன். தஞ்சாவூர் பண்ணையாள் சட்டம் 1952, குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955, நியாய வாரச் சட்டம் 1956 (வாரம் என்றால் குத்தகைக்காரர் நிலக்காரருக்கு அளக்கும் பங்கு). அடுத்தடுத்து மூன்று சட்டம் வந்தது. அதெல்லாம் நம்ம களத்துமேடு வரைக்கும் வந்து சேர்ந்ததா என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?

திவ்யா: பெரியப்பா, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய வார ரசீதுகள் இருப்பதாக அப்பா சொல்லியிருக்கிறார்.

அத்தை: அந்தப் பெட்டியா? அப்பா காரியத்துக்கு அப்புறம் நான் கண்ணாலேயே பார்க்கவில்லை.

பெரியப்பா: நான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்கிறாயா?

அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தப்பா: பங்குப் பேச்சு இங்கே வேண்டாம். பிள்ளை படிப்பைப் பற்றிப் பேசுவோம்.

அப்பா: பார்க்கலாம்

அம்மா: எதைப் பார்க்கலாம்??

மதியம் 2.40

பெரியப்பா: 📷 புகைப்படம்

பெரியப்பா: திவ்யா, இதில் என்ன எழுதியிருக்கிறது? எனக்குக் கண் தெரியவில்லை.

திவ்யா: "ஹேவிளம்பி வருடம் தை மாதம், வாரம் நெல் ௰௪ கலம் பெற்றுக்கொண்டேன்." கீழே நிலக்காரருடைய காரியஸ்தர் கையெழுத்து. ௰௪ என்றால் 14, கலம் பழைய நெல் அளவு. ஹேவிளம்பி தை என்றால் 1958 தொடக்கம்.

பெரியப்பா: 14 கலமா? அந்த வருடம் தாத்தா களத்திலேயே சண்டை போட்டார். காரியஸ்தர் கூடக் கேட்டார், தாத்தா நெல் அளக்கிற மரக்காலைக் கையைவிட்டே கொடுக்கவில்லை. நான் சின்னப் பையன், வைக்கோல் போரில் உட்கார்ந்து பார்த்தேன்.

சித்தப்பா: இதை எங்களிடம் சொன்னதே இல்லையே அண்ணா

பெரியப்பா: யார் கேட்டீர்கள்?

திவ்யா: பெரியப்பா, இது ரொம்ப முக்கியம். 1956 சட்டப்படி அப்போது நஞ்சை விளைச்சலில் நிலக்காரருக்கு 40 சதவீதம்தான், மிச்சம் உழுதவருக்கு. நீங்கள் பார்த்த சண்டை அதற்கு அப்புறம் நடந்தது. மன்மத வருடத்துத் தை (1956 தொடக்கம்) ரசீது இருந்தால் அனுப்புங்கள், அது சட்டத்துக்கு முந்தின அறுவடை. அதே வயல், அதே குத்தகை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாரம் குறைந்ததா என்று தெரியும். நீங்கள் சொன்னதையும் பதிவு செய்துகொள்ள வேண்டும், சென்னை போவதற்கு முன்னாலேயே வருகிறேன்.

பெரியப்பா: பெட்டியை வெளியே தர மாட்டேன். இங்கேயே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளட்டும்.

அத்தை: எடுக்கும்போது நானும் இருப்பேன்

பெரியப்பா: வா. யார் வேண்டாம் என்றது.

சித்தப்பா: அப்போது முன்பணம் நான் அனுப்புகிறேன் அண்ணி. மீதியை அண்ணன்மார்கள் பேசிக்கொள்ளட்டும்.

அப்பா: மீதி நான்

பெரியப்பா: கட்டுங்கள். ஆனால் குரூப் 2வும் எழுத வேண்டும்.

திவ்யா: எம்.ஏ. முடித்துவிட்டு எழுதுகிறேன் பெரியப்பா

பெரியப்பா: முடித்துவிட்டா? நான் சொன்னது இந்த வருடம்.

கார்த்தி: அப்பா, 24ஆம் தேதி வரும்போது அந்த ரசீதுக் கட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்களேன். எல்லோரும் இருப்போம்.

பெரியப்பா: காதுகுத்து வீட்டிலா? யோசிக்கிறேன்.

அம்மா: நாளைக்குக் கட்டிவிடவா? யாராவது ஒருவர் முடிவாகச் சொல்லுங்கள்.

சித்தி: வேன் ஐந்தரைக்கா, ஆறு மணிக்கா?