மறு: 'பொதுப்பார்வை' பொருந்தவில்லை, 'அயலறி இடம்' சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றிக் கையேடு எழுதும் நண்பர் போன வாரம் அதில் வரும் 'பப்ளிக் வியூ' என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் கேட்டிருந்தார். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் இழிவுபடுத்துவது, சாதிப்பெயர் சொல்லித் திட்டுவது ஆகிய இரண்டும் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளில் வருகின்றன. இரண்டிலும் 'பப்ளிக் வியூ'வுக்கு உட்பட்ட இடம் என்ற நிபந்தனை உண்டு. இதற்குப் பொது இடம், பொதுப்பார்வை, பகிரங்கம் என்று மூன்று சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. மூன்றுமே எனக்கு இடிக்கின்றன.

'பொது இடம்' கூடவே கூடாது. அதற்குக் காரணம் 2008இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அரசுக்கோ நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ சொந்தமானது பொது இடம். 'பப்ளிக் வியூ' வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள் என்று அதில் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். வீட்டு மதிலுக்குள் இருக்கும் புல்வெளியில் வைத்து ஒருவரைத் திட்டினாலும், தெருவில் போகிறவர் கண்ணுக்கு அது தெரியுமானால் குற்றம்தான். கட்டடத்துக்குள்ளேயே நடந்திருந்தாலும், உறவினர் நண்பர் அல்லாத வெளியார் சிலர் அங்கே இருந்தால் குற்றம்தான்.

இதன் மறுபக்கத்தை 2025 தொடக்கத்தில் பார்த்தோம், அதுவும் நம் திருச்சி மாவட்ட வழக்கில். வருவாய்த்துறை அலுவலர் ஒருவரை அவருடைய அலுவலக அறையிலேயே சாதி சொல்லித் திட்டியதாகப் புகார். சக ஊழியர்கள் பிறகுதான் உள்ளே வந்தார்கள். திட்டியபோது வெளியார் யாரும் இல்லை என்பதால் உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. ஆக, தனியார் புல்வெளி உள்ளே வருகிறது, அரசு அலுவலகம் வெளியே போகிறது. இதற்குப் போய் 'பொது இடம்' என்று எழுதினால் படிக்கிறவர் நேர்எதிராகத்தான் புரிந்துகொள்வார்.

பொது இடம் என்பதே சட்டத்துக்குச் சட்டம் மாறுகிறது என்பது தனிக்கதை. 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின் வரையறையில் உணவகம் பொது இடம், திறந்தவெளி பொது இடம் அல்ல! பேருந்து நிறுத்தம், விளையாட்டரங்கம் போன்றவற்றை 2008 விதிகளில்தான் உள்ளே இழுத்தார்கள்.

'பொதுப்பார்வை' என்றதும் எனக்குப் பொதுவான கண்ணோட்டம் என்றுதான் தோன்றுகிறது. தவிர, வசவு காதில் விழுவது. அதற்குப் பார்வை மட்டும் போதாது.

'பகிரங்கம்' நல்ல உயிருள்ள சொல். இலங்கை நாளிதழ்களில் 'பகிரங்க ஏலம்' இன்றும் வருகிறது. ஆனால் 'பகிரங்கமாக மிரட்டினான்' என்னும்போது செய்தவனின் துணிச்சல்தான் முன்னே நிற்கிறது. கூச்சத்தோடு திட்டினானா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திட்டினானா என்பது இங்கே கேள்வியே இல்லை. வெளியார் அறியக்கூடிய இடமா என்பதுதான் கேள்வி.

எனக்கு முதலில் தோன்றியது 'ஊரறிய'. ஊரறியத் தாலி கட்டினான், ஊரறிய அவமானப்படுத்தினான் என்று பேச்சில் புழங்குவது. உற்றார், ஊரார் என்ற பிரிவு நம்மிடம் முன்பே இருக்கிறது; உறவினரும் நண்பரும் கணக்கில் சேரமாட்டார்கள் என்று நீதிமன்றம் சொல்வதும் அதேதான். இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் 'ஊர்' என்றால் சேரி நீங்கலான பகுதி. 'ஊருக்கும் சேரிக்கும் தகராறு' என்று செய்தியே வரும். வன்கொடுமைச் சட்டத்தில், பாதிக்கப்பட்டவர் வாழும் தெருவை வெளியே நிறுத்தும் சொல்லையா 'பொதுமக்கள்' என்ற பொருளில் வைப்பது? சேரித் தெருவில் நுழைந்து திட்டினால் அது ஊரறியத் திட்டியது ஆகாதா? விட்டுவிட்டேன். 'மன்றறிய', 'அம்பலத்தில்' போன்றவற்றுக்கும் இதே கறை உண்டு. மன்று, அம்பலம் எல்லாம் ஊர் கூடும் இடங்கள்; அந்த மன்றுக்குள் யாரை விட்டார்கள்? பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்று 1924இல் ஒடுக்கப்பட்டோர் தலைவர் ரெட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானமே கொண்டுவர வேண்டியிருந்தது. 'பொது' என்ற சொல்லைக் கூட எங்கள் ஆட்கள் போராடித்தான் வாங்கினார்கள்.

பழைய அகப்பாட்டு மரபில், காதலர் பற்றிய ஊர்ப்பேச்சுக்கு அம்பல், அலர் என்று இரண்டு சொற்கள் உண்டு. சிலரிடையே முணுமுணுப்பாக இருப்பது அம்பல், பலர் வாயில் விரிவது அலர். அழகான படிநிலைதான். ஆனால் சட்டம் கேட்பது, பேச்சு பிறகு எவ்வளவு பரவியது என்பதை அல்ல.

ஆகவே 'அயலறி இடம்' என்று முன்மொழிகிறேன். அயலார் உற்றார் அல்லர். அவர்கள் எந்தத் தெருவிலும் இருக்கலாம். ஒருவராகவும் இருக்கலாம், பலராகவும் இருக்கலாம். 'அறி' என்பதில் காண்பதும் கேட்பதும் அடங்கும். வினைத்தொகை என்பதால் காலமும் ஒட்டாது: அறிந்த, அறிகிற, அறியும். சில சட்டங்களில் யாரும் உண்மையில் பார்த்திருக்கவே வேண்டாம்; கிடைக்கும்படி வைத்தாலே போதும். பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு படைப்பைப் பொதுமக்களுக்குத் தெரிவித்தல் என்பதன் வரையறை அப்படிப்பட்டது. அங்கேயும் 'அயலறி' நிற்கும் என்று நினைக்கிறேன்.

—

மறுமொழி:

ஐயா, ஊர்–சேரி பற்றிச் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. ஆனால் இரண்டு ஐயங்கள். 'அயல்' என்றதும் அயல்நாடுதான் நினைவுக்கு வருகிறது. காவல் நிலைய எழுத்தர் 'அயலறி இடத்தில்' என்று எழுதுவாரா? சிரித்துவிடுவார். அப்புறம், திருச்சி வழக்கில் பிறகு வந்த சக ஊழியர்கள் முன்பே அறைக்குள் இருந்திருந்தால், அவர்கள் அயலாரா உற்றாரா?

—

மறுமொழி:

எழுத்தர் எழுதமாட்டார், சரிதான். அவருக்கு அவிழ்த்துக் கொடுப்போம்: 'அயலார் அறியும்படி சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்'. இதைப் புகார் கொடுக்க வருகிற பாட்டியும் புரிந்துகொள்வார். 'அயலறி இடம்' தலைப்புக்கும் சொல்லடைவுக்கும் மட்டும் இருக்கட்டும். அயல்நாடு நினைவுக்கு வந்தாலும் அயல்வீடு, அக்கம்பக்கம் அயலார் எல்லாம் இன்னும் சாகவில்லை.

சக ஊழியர் அயலாரா என்பதைச் சொல்லால் தீர்க்க முடியாது. ஒரே மேசையில் பத்தாண்டு சாப்பிட்டவர் நண்பர், நேற்று மாற்றலாகி வந்தவர் அயலார். அதை நீதிபதிதான் சாட்சியை விசாரித்து முடிவு செய்ய வேண்டும். நாம் சொல்லுக்குள் திணித்தால் சட்டத்தில் இல்லாததைச் சேர்த்தவர்கள் ஆவோம்.

நண்பர் அடுத்த இயலை அனுப்பும்போது இரண்டு வடிவத்தையும் போட்டுப் பார்க்கட்டும். 'அயலறியிடம்' என்று சேர்த்து எழுத வேண்டாம். வாசிக்கும்போது நாக்கு தடுக்குகிறது.