மறு: ‘ஹேங்’ எல்லாம் உறைதலா? த்ராஷிங்குக்கு ‘அலைச்சல்’

குழு நண்பர்களுக்குக் குன்னூரிலிருந்து வணக்கம். பழைய மேக் கணினிகளைப் பழுது நீக்கும் நம் கையேட்டுக்குத் தமிழ்ச் சொற்களைத் தேர்ந்துகொண்டிருக்கிறோம். அதில் வந்த இந்த யோசனைக்கு என் மறுமொழி:

> பழைய மேக் ஸ்லோ ஆவது, ஹேங் ஆவது, ஃப்ரீஸ் ஆவது எல்லாவற்றுக்கும் ‘உறைதல்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொள்ளலாமே. கையேடு எளிமையாக இருக்கும்.

ஐயா, எளிமை வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் இந்த ஒரே சொல் கையேட்டைப் படிப்பவரைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடும் என்று அஞ்சுகிறேன். என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் “ஹேங் ஆகுதுங்க” என்றுதான் சொல்கிறார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால் கோளாறு ஆளுக்கு ஒன்றாக இருக்கிறது. வாடிக்கையாளர் ஒரே சொல்லில் சொல்வது இயல்பு. பழுது நீக்கும் கையேடும் அப்படியே சொன்னால், அதை எழுதி என்ன பயன்?

‘உறைதல்’ நல்ல சொல், அதை விட வேண்டாம். நீலகிரியில் உறைபனியைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. ஆனால் அதை உண்மையிலேயே உறைந்த நிலைக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்: சுட்டி நகரவில்லை, மேலே மூலையில் இருக்கும் கடிகாரம் நின்றுவிட்டது, கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் அதன் பச்சை விளக்குகூட எரியவில்லை. அதுதான் உறைவு. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர அப்போது வேறு வழியில்லை. அடிக்கடி அப்படி நடந்தால் வட்டு, வட்டுக் கேபிள், நினைவகச் சில்லு என்று வன்பொருள் பக்கம் தேட வேண்டும். விளக்கு எரிந்து அணைகிறது, ஒரு செயலி மட்டும் வண்ணச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது என்றால் அது உறைவு அல்ல. கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி அந்தச் செயலியை மட்டும் மூடினால் போதும். அதற்கு ஏற்கெனவே முன்மொழிந்த ‘மறுமொழியின்மை’ பொருத்தமாகவே இருக்கிறது.

நான் நிறைய எழுத விரும்புவது மூன்றாவது நிலையைப் பற்றி. பழைய மேக்குகளில் மிக அதிகமாக நான் பார்ப்பது இதுதான். ஆங்கிலத்தில் த்ராஷிங் என்கிறார்கள். நம் பட்டியலில் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது.

எங்கள் ஊரில் ஸ்டுடியோ நடத்தும் தம்பி ஒருவர் 2012-ல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவைக் கொண்டுவந்தார். 4 ஜிபி நினைவகம், நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஃபோட்டோஷாப்பில் கல்யாண ஆல்பம், பக்கத்தில் குரோமில் வரிசையாகத் தாவல்கள். ஒரு படத்தைச் சொடுக்கினால் சக்கரம் சுற்றும், கொஞ்ச நேரம் கழித்து படம் வரும், அடுத்ததைச் சொடுக்கினால் மறுபடி சக்கரம். “ப்ராசஸர் போயிடுச்சாண்ணா?” என்று கேட்டார். எந்தச் செயலி எவ்வளவு வளத்தைப் பயன்படுத்துகிறது என்று காட்டும் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து காட்டினேன். சிபியு, அதாவது ப்ராசஸர், பெரும்பாலும் சும்மா இருந்தது. நினைவக அழுத்தக் கோடு சிவப்பில் நின்றது. கீபோர்டுக்குக் கீழே உள்ளங்கை வைக்கும் இடத்தில் காதை வைத்துக் கேட்கச் சொன்னேன். வட்டு ஓயாமல் கறகறவென்று அரைத்துக்கொண்டிருந்தது. வேலை ஒன்றும் நடக்கவில்லை, ஓட்டம் மட்டும் நிற்கவில்லை.

நடப்பது இதுதான். இண்டெல் மேக்கில் நினைவகம் 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 4 ஜிபியில் ஏறத்தாழ பத்தரை லட்சம் பக்கங்கள். திறந்திருக்கும் செயலிகளுக்கு அதைவிட அதிகம் தேவைப்பட்டால், 2013-ல் வந்த மேவரிக்ஸ் பதிப்பிலிருந்து மேக்கின் இயங்குதளம் முதலில் சில பக்கங்களைச் சுருக்கிப் பார்க்கும். அதுவும் போதாவிட்டால் சிலவற்றை வட்டுக்கு அனுப்பும். அனுப்பிய பக்கமே அடுத்த நொடி வேண்டியதாகிவிடும். அதைத் திரும்பக் கொண்டுவர இடம் வேண்டுமே, அதற்காக வேறொரு பக்கத்தை அனுப்பும். அதுவும் உடனே வேண்டியிருக்கும். 5400 சுற்று என்றால் நொடிக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. நினைவகத்திலிருந்து எடுக்க ஆவது சுமார் 100 நானோநொடி. ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். ப்ராசஸர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில் வியப்பில்லை.

நினைவகம் போதாதபோது வேறு சேமிப்பிடத்தையும் நினைவகம் போல ஆளும் மெய்நிகர் நினைவகம் என்ற ஏற்பாடு 1962-ல் மான்செஸ்டரின் அட்லஸ் கணினியில் வந்தது. இந்தச் சிக்கலின் காரணத்தை 1968-ல் கணினி ஆய்வாளர் பீட்டர் டென்னிங் தெளிவாக விளக்கினார்: ஒவ்வொரு நிரலுக்கும் அந்தந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டிய பக்கங்கள் உண்டு, எல்லா நிரல்களுக்கும் அப்படி வேண்டியவற்றின் கூட்டுத்தொகை நினைவகத்தைத் தாண்டினால் அமைப்பு சரிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக அல்ல, திடீரென்று. ஒரே ஒரு தாவல் கூடுதலாகத் திறந்ததும் எல்லாம் நின்றுபோவதற்குக் காரணம் இதுதான். அதனால்தான் பயனருக்கு இது உறைவு போலவே தெரிகிறது.

இதற்கு நான் முன்மொழியும் சொல் ‘அலைச்சல்’. முழுவதாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘பக்க அலைச்சல்’.

மஞ்சூரிலிருந்து ஒருவர் ஒரு கையெழுத்துக்காக ஊட்டிக்குப் போகிறார். ஜெராக்ஸ் ஒன்று குறைகிறது. வீட்டுக்கு வந்து அதை எடுத்துக்கொண்டு போனால், முதலில் கொண்டுபோன மூலப் பத்திரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டிருப்பார். நாள் முழுவதும் பஸ்ஸிலேயே போய்விடும். “ஒரே அலைச்சல்” என்பார். போவதும் வருவதும், அதில் பலனில்லாமையும், களைப்பும் எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. பக்கங்களுக்கு நேர்வதும் அச்சாக இதேதான்.

> ‘தத்தளிப்பு’ இன்னும் அழகாக இருக்கிறதே?

கொடைக்கானல் அக்கா, அதை நானும் விரும்பித்தான் யோசித்தேன். அமைப்பு படும் பாட்டை அது சரியாகச் சொல்கிறது. ஆனால் எது எங்கே போய் வருகிறது என்பது அதில் இல்லை. நீரில் விழுந்தவர் தத்தளிக்கிறார். அவர் எங்கும் போய் வரவில்லை. மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இந்த வேறுபாடு முக்கியம். நினைவகத்துக்கும் வட்டுக்கும் நடுவே நடக்கும் போக்குவரத்து மனத்தில் பதிந்தால்தான் தீர்வு தானாகப் புரியும். ‘அடிப்பு’, ‘உதைப்பு’ என்று வந்த யோசனைகள் ஆங்கிலச் சொல்லின் அகராதிப் பொருளைப் பிடித்துக்கொண்டு நடப்பதை விட்டுவிடுகின்றன. அவற்றை ஏற்க எனக்கு மனமில்லை.

‘அலைவு’ என்பது இயற்பியலில் ஊசல் ஆட்டத்துக்கு உண்டு, குழம்பாதா என்ற கேள்வி நியாயமானது. ‘அலைச்சல்’ என்ற வடிவத்தை இயற்பியல் எடுத்துக்கொள்ளவில்லை, ஆகவே மோதாது. வினையாக ஆள்வதும் எளிது: ‘பக்கங்கள் அலைகின்றன’, ‘அலைச்சலைக் குறைக்க தாவல்களை மூடுங்கள்’. உலாவி, சுட்டி இரண்டும் நிலைத்ததற்குக் காரணம் உலாவுவதும் சுட்டுவதும் நம் வாயில் ஏற்கெனவே இருந்ததுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

தீர்வையும் சொல்லிவிடுகிறேன், வரையறையின் கீழே வர வேண்டியது என்பதால். அலைச்சலுக்கு முதல் தீர்வு நினைவகத்தைக் கூட்டுவது. அந்த 2012 மாதிரியில் சில்லுகளைக் கழற்றி மாற்றலாம். 8 ஜிபி ஆக்கினோம். அடுத்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி. எஸ்எஸ்டி போட்டால் அலைச்சல் நிற்பதில்லை, ஒவ்வொரு பயணமும் வேகமாவதால் தெரியாமல் போகிறது. வரையறையில் இந்த வரி கட்டாயம் வேண்டும். தொடக்க வட்டில் காலி இடமும் விட வேண்டும், பக்கங்கள் போய்த் தங்குவது அங்கேதான். 2018-ல் வந்த மொஹாவே பதிப்பு, சுழலும் வட்டுகளையும் ஏபிஎஃப்எஸ் என்ற ஆப்பிளின் கோப்பு முறைக்கு மாற்றுகிறது. அந்த முறை எஸ்எஸ்டியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. ஆகவே பழைய ஹார்ட் டிஸ்க்கோடு மொஹாவே, கேட்டலினா என்று ஏற்றியவர்களுக்குத் தொல்லை கூடுதல். புதுப்பித்த சில மணி நேரத்துக்கு மேக்கின் தேடல் வசதியான ஸ்பாட்லைட் அட்டவணை போடுவதும் வட்டை ஓட்டும். அது அலைச்சல் அல்ல, தானே ஓய்ந்துவிடும்.

இன்னொரு வகையையும் பிரித்துவிட வேண்டும். ஆக்டிவிட்டி மானிட்டரின் சிபியு பட்டியலில் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல்_டாஸ்க் மேலே ஏறி நின்றால், பல நேரங்களில் வெப்பத்தைக் கட்டுப்படுத்த இயங்குதளமே மற்ற செயலிகளுக்கு ப்ராசஸரைக் குறைத்துக் கொடுக்கிறது என்று பொருள். ஜனவரிக் குளிரில், பெட்டி ஜில்லென்று இருக்கும்போதே இது நடந்தால் வெப்ப உணரியைச் சந்தேகிக்கலாம். உப்பிப்போன பேட்டரியைக் கழற்றிவிட்டு சார்ஜரில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கும் வேகம் குறையும். பேட்டரி இல்லாத மேக்புக் தன் ப்ராசஸர் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் த்ராட்லிங் எனப்படும் இதற்கு ‘நெரிப்பு’ வேண்டாம், ‘வேகத்தணிப்பு’ இருக்கட்டும். நெரிப்பது கெடுதல் செய்யும் செயல். இங்கே நடப்பது காப்பு. வெப்பத்துக்கும் வேகத்துக்கும் ‘தணி’ பொருந்தி வருகிறது.

மலை உயரம் காரணமா என்று அக்கா கேட்டிருந்தார்கள். இல்லை. மேக்புக்குகளுக்கு 3,000 மீட்டர் வரை அனுமதி. நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். குளிர்தான் கவனிக்க வேண்டியது. இயக்க வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி. ஊட்டியில் உறைபனிக் காலையில் அதற்குக் கீழே போகும் அறைகள் உண்டு. அறை கொஞ்சம் சூடான பிறகு, பெட்டியில் ஈரம் பூத்திருந்தால் அது காய்ந்த பிறகு போடுங்கள்.

ஆக உறைவு, மறுமொழியின்மை, அலைச்சல், வேகத்தணிப்பு என்று நான்கையும் தனித்தனிப் பதிவாக ஏற்ற வேண்டுகிறேன். எதிர்ப்பு இருந்தால் சொல்லின் மீது மட்டுமல்ல, மேலே எழுதிய வரையறையின் மீதும் சொல்லுங்கள். பக்கங்களை வட்டுக்கு அனுப்பித் திரும்ப எடுக்கும் ஸ்வாப்புக்கு ‘இடமாற்று’, ‘பண்டமாற்று’ இரண்டும் இன்னும் நிலுவையில் இருக்கின்றன. நான் இடமாற்றின் பக்கம். அதைத் தனி இழையில் தொடங்குகிறேன்.