குச்சி திரும்பின பிறகோ, திரும்ப முதலோ? வி.ஆர். கண்டக்டர் விளையாட்டு

தாளக்கட்டு: எங்கட விளையாட்டில ஹெட்செட் போட்டவர் கண்டக்டர் மாதிரிக் குச்சியை ஆட்ட, வாத்தியக்குழு அந்த அடிக்கு வாசிக்கும். "குச்சி கீழ்ப்புள்ளிக்கு வந்து திரும்பின பிறகுதான் அடியை எண்ணோணும், அதுதான் சுத்தம்" எண்டு ஒரு மேதாவி எங்கட டிசைன் குறிப்புக்குக் கீழ எழுதியிருக்கிறார். 72 ஹேர்ட்ஸ் ஹெட்செட்டில, அதாவது செக்கனுக்கு 72 படம் காட்டிறதில, ஒரு பிரேம் (ஒரு படம்) 14 மில்லிசெக்கன். கைநடுக்கம் போக்க 5 பிரேமுக்குச் சராசரி எடுத்தா 28 பிந்தும். திரும்பினதை உறுதிப்படுத்த 2 பிரேம், இன்னொரு 28. சத்தம் செக்கனுக்கு 48000 சாம்பிள் (சத்தத் துணுக்கு) வேகத்தில போகேக்க, 1024 சாம்பிளைச் சேர்த்து வைக்கிற பஃபருக்கு 21. மொத்தம் 77 மில்லிசெக்கன் பிந்தும். முந்தின அடிகளின்ர இடைவெளியையும் கை இறங்கிற வேகத்தையும் வைச்சு அடுத்த அடியை முன்கூட்டியே கணிக்கோணும்.

கோண்டாவில்காரன்: மேதாவி நான்தான். மேடையில வாத்தியக்குழுவே குச்சிக்குப் பிந்தித்தானே வாசிக்குது, 77 ஆருக்கு உறுத்தும்? சுரத்தை நீட்டிப் பிடிக்கக் கையை நடுவில நிப்பாட்டினா, உம்மட கணிப்பு அங்கயும் அடி போடும். கீழ்ப்புள்ளி பொய் சொல்லாது.

தாளக்கட்டு: அவை ஒரே அளவில பிந்துவினம். உம்மட முறையில, அடி பிரேமுக்கும் பஃபருக்கும் நடுவில எங்க விழுகுதோ அதுக்கேற்ப ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு அளவில பிந்தும், அதுதான் உறுத்தும். கை நிண்டா என்ன? இறங்கிற வேகம் வரம்புக்குக் கீழ போன உடன கணிப்பை ரத்துச் செய்யிறது. கணிப்புப் பிழைச்சா பாட்டை வெட்டிக் குதிக்க விடாம, வித்தியாசத்தை அடுத்த அடி முழுக்கப் பரவி விடோணும்.

கோண்டாவில்காரன்: ரத்துச் செய்யேக்க சத்தம் ஏற்கெனவே பஃபருக்குள்ள போயிருக்கும். கீழ்ப்புள்ளி.

இணுவில்தவில்: தம்பியவை, எங்கட கச்சேரிக்கு ஆர் கண்டக்டர்? ஆதி தாளம் ஒரு தட்டு, மூண்டு விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. விரல் எண்ணேக்க கீழ்ப்புள்ளி எங்கயாம்?

தாளக்கட்டு: அண்ணை, குச்சிக்குப் பதிலாக் கொன்ட்ரோலர் கருவியைப் பிடிச்ச கையால விரல் எண்ணேலாது. வெறுங்கையெண்டா, தட்டேக்க ஒரு கை மற்றதை மறைக்க ஹெட்செட் கமரா விரலைத் தொலைச்சிடும். தவில் பதிவைக் கை வேகத்துக்கு இழுத்து நீட்டினாலும் தவில் கழி அடியின்ர கூர்மை மழுங்கும். தவில் அடியின்ர ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாப் பதிஞ்சு நேரத்துக்கு விடோணும்.

இணுவில்தவில்: யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி வாசிச்ச மண்ணில தவிலை மழுங்கடிக்கிறதுக்கு ஒரு விளையாட்டோ?

தாளக்கட்டு: மழுங்காமலிருக்க வழிதானே சொன்னனான்! நான் எழுதினதை வாசிச்சிட்டுக் கோவியுங்கோ.

கோண்டாவில்காரன்: புளூடூத் ஹெட்ஃபோன் போட்டுச் சோதிச்சா 77க்கு மேல இன்னும் 150 ஏறும். பிறகு பழி கீழ்ப்புள்ளியில.

தாளக்கட்டு: வயர்தான். மெனு நிறத்துக்கும் இப்பிடித்தான் மல்லுக்கு நிண்டனீர்.

கோண்டாவில்காரன்: கடைசியில நான் கேட்ட நிறம்தானே வந்தது.

தாளக்கட்டு: நீர் கேட்டது நீலம். வந்தது கறுப்பு.

கோண்டாவில்காரன்: கருநீலம். உம்மட திரையைத் துடையும்.