ரெண்டாவது ராத்திரி ஃப்ரிட்ஜ் நின்னுடுது: பேட்டரி கூட்டணுமா, பேனல் கூட்டணுமா?

பயணப்பெட்டி:
எல்லாருக்கும் வணக்கம். காருக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற சின்ன டிரெய்லர் எங்களது. கரண்ட் கனெக்‌ஷன் இல்லாத இடமாப் பாத்து மூணு நாலு ராத்திரி தங்குறதுதான் வழக்கம். உள்ள 100 ஏஎச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியோட கொள்ளளவு) லெட் ஆசிட் பேட்டரி ஒண்ணு, கூரை மேல 100 வாட் பேனல் ஒண்ணு, பேனல்லருந்து பேட்டரிக்குப் போற சார்ஜக் கட்டுப்படுத்துற சின்ன பிடபிள்யூஎம் கன்ட்ரோலர், எல்லாம் வண்டியோடவே வந்தது, மூணு வருஷம் ஆச்சு. மொத ராத்திரி ஒரு தொந்தரவும் இல்ல, ரெண்டாவது ராத்திரி மூணு மணி வாக்குல 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் நின்னுடுது, சிவப்பு லைட் மினுக்கிட்டே இருக்கு. போன தடவ பையனோட சிரப் உள்ள இருந்துச்சு, குளிர்லயே வைக்கணும்னு சொல்லிக் குடுத்த மருந்து, காலைல பாட்டிலத் தொட்டா வெதுவெதுன்னு இருக்கு, பாதி டிரிப்ல கிளம்பி வந்துட்டோம். இன்னொரு 100 ஏஎச் வாங்கி பக்கத்துல போட்டா சரியாயிடுமா? இல்ல பேனலா? லித்தியம் மாத்தச் சொல்றாங்க, அதுக்கு வேற என்னல்லாம் மாத்தணும்னு ஒண்ணும் புரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மழைக்குருவி:
யோசிக்கவே வேணாம், லித்தியம் போயிடுங்க. லெட் ஆசிட்ல 100 போட்டிருந்தா 50தான் எடுக்கலாம், அதுக்குக் கீழ அடிக்கடி இறக்கினா ஆயுசு போயிடும். லித்தியம்ல 80, 90 கூட தைரியமா எடுக்கலாம்.

செம்புக்கம்பி:
கொஞ்சம் பொறுங்க, வாங்குறதுக்கு முன்னாடி அளந்து பாத்துடுங்க. வயரிங் வேலைதான் எனக்குப் பொழப்பு, பேட்டரி மாத்தியும் அதே பிரச்சனையோட திரும்பி வந்தவங்களத்தான் நான் நிறையப் பாத்திருக்கேன். மல்டிமீட்டர் இருந்தா இதச் சொல்லுங்க: வெயில் உச்சில பேனல்லருந்து பேட்டரிக்கு எத்தன ஆம்பியர் வருது, சூரியன் இறங்கி ரெண்டு மணி நேரம் லோடு எல்லாம் ஆஃப் பண்ணி வச்ச பிறகு பேட்டரி எத்தன வோல்ட், அப்புறம் கம்ப்ரசர் ஓடிட்டு இருக்கும்போதே பேட்டரி முனையில ஒரு தடவ, ஃப்ரிட்ஜ் பிளக்குல ஒரு தடவ வோல்ட். இந்தக் கடைசி ரெண்டும் ரொம்ப முக்கியம், ஒரே நிமிஷத்துல அடுத்தடுத்து எடுங்க.

பயணப்பெட்டி:
அண்ணா, வீட்டுல நிறுத்தி வச்சே ரெண்டு நாள் ஓட்டிப் பாத்தேன், சார்ஜர் போடல. நல்ல வெயில் மதியம் 3.8 ஆம்பியர், அதுக்கு மேல ஏறவே இல்ல. சாயங்காலம் ஆஃப் பண்ணி வச்சுப் பாத்தா 12.3. ஃப்ரிட்ஜ் ஓடும்போது பேட்டரியில 11.9, பிளக்குல 11.0. ஃப்ரிட்ஜ் ஓடும்போது 4.5 ஆம்பியர் இழுக்குது, கூரை ஃபேன் ராத்திரி முழுக்க ஓடும், லைட்டு, போன் சார்ஜ், தண்ணி பம்ப் இதெல்லாம் உண்டு. ஃப்ரிட்ஜ் கையேட்டுல பேட்டரி பாதுகாப்பு ஹைல இருந்தா 11.1 வோல்ட்ல நிக்கும்னு போட்டிருக்கு, நம்மளது ஹைலதான் இருக்கு.

செம்புக்கம்பி:
அப்ப விஷயம் ரெண்டு இருக்கு தம்பி, ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடக்கு.

மொதல்ல வரவு செலவு. கம்ப்ரசர் நாள் முழுக்க ஓடாது, சராசரியா பத்துல நாலு பங்கு நேரம்னு வச்சா 4.5க்கு 43 ஏஎச் ஆகுது. ஃபேன், லைட்டு, மத்தது சேத்தா நாளுக்கு 65 பக்கம். பேனல் குடுக்கிறது 3.8ஐ அஞ்சு மணி நேரத்தால பெருக்குங்க, 19. தினம் 46 கடன். 100 ஏஎச் லெட் ஆசிட்ல நிம்மதியா எடுக்கக்கூடியதே 50, அதனால மொத நாளோட தீந்துச்சு, ரெண்டாவது ராத்திரி நிக்காம என்ன செய்யும். இன்னொரு பேட்டரி போட்டா மூணாவது ராத்திரி நிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொண்ணு, லெட் ஆசிட் முழுசா நிரம்பணும்னா கடைசி இருபது சதவீதத்துக்கு மட்டும் பல மணி நேரம் 14.4 பக்கம் நிக்கணும். உங்க பேட்டரி டிரிப் நாள்ல ஒரு நாள்கூட அந்த எடத்துக்குப் போகல, பாதி வயிறோடயே மூணு வருஷம் இருந்திருக்கு, பிளேட்ல சல்பேட் படிஞ்சிருக்கும். அதுல இப்ப 100 இருக்கும்னு நான் நம்பல.

ரெண்டாவது வயரு. 11.9க்கும் 11.0க்கும் நடுவுல 0.9 வோல்ட் எங்க போச்சு? பேட்டரிலருந்து ஃப்ரிட்ஜுக்கு வயர் போற வழிய அளந்து பாருங்க. ஆறு மீட்டர், 1.5 சதுர மில்லிமீட்டர் வயருன்னா போக வர பன்னெண்டு மீட்டர், 4.5 ஆம்பியருக்கு 0.63 வோல்ட் வயருலயே கரைஞ்சிடும். மீதி எங்கயாவது லூஸ் கனெக்‌ஷன்ல இருக்கும், ஃபியூஸ் ஹோல்டரத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா அதுதான். பேட்டரியில இன்னும் சரக்கு இருக்கும்போதே ஃப்ரிட்ஜ் தன் வாசல்ல 11.0ஐப் பாத்து நின்னுடுது. 6 சதுர மில்லிமீட்டர் போட்டா அதே தூரத்துக்கு இழப்பு 0.16தான்.

பழையடயர்:
செம்புக்கம்பி சொன்னதோட ஒண்ணு சேத்துக்கங்க. பேட்டரி உங்க டிரெய்லர்ல முன்னாடி இழுவைக் கம்பி மேலதானே இருக்கு? 100 ஏஎச் லெட் ஆசிட் 28 கிலோ பக்கம், லித்தியம் 12 கிலோ. மாத்தினா மூக்குல 16 கிலோ குறையுது. மூக்கு லேசானா வேகத்துல டிரெய்லர் வால் ஆட்டும், அது உயிருக்கே ஆபத்து. மாத்தின பிறகு கொக்கி எடைய (டிரெய்லர் மூக்கு கார் கொக்கிய அமுக்குற எடை) கட்டாயம் அளங்க, மொத்த எடையில பத்து சதவீதத்துக்குக் கீழ போனா கனமான சாமான முன்னாடி நகத்துங்க, ஆனா கார் கொக்கிக்குன்னு போட்டிருக்கிற உச்ச எடையும் தாண்டக்கூடாது.

அப்புறம் கார்லருந்து பேட்டரிக்கு நேரா வயர் வருதான்னு பாருங்க. லித்தியம் காலியா இருந்தா கிடைக்கிற ஆம்பியர எல்லாம் உறிஞ்சும், கார் எஞ்சின்ல கரண்ட் குடுக்கிற ஆல்டர்னேட்டர் சூடேறிப் போயிடும். நடுவுல அந்த ஆம்பியர மட்டுப்படுத்திக் குடுக்கிற 20 ஆம்பியர் டிசி டு டிசி சார்ஜர் ஒண்ணு போட்டுட்டா ஒரு மணி நேரம் ஓட்டினாலே 20 ஏஎச் பக்கம் ஏறிடும், மழை நாள்ல அதுதான் கைகொடுக்கும்.

பயணப்பெட்டி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஃபியூஸ் ஹோல்டரக் கழட்டிப் பாத்தேன் அண்ணா. மூடி பழுப்பா மாறி ஒரு பக்கம் உருகி இருந்துச்சு, உள்ள தகடு கருப்பா, விரல்ல பொடி ஒட்டுது. பையன் படுக்கிற பலகைக்கு நேர் கீழ அது இருந்திருக்கு, பாத்ததும் கை நடுங்கிடுச்சு. அன்னிக்கே மாத்திட்டேன். இப்ப முடிவு பண்ணது: லித்தியம் 100 ஏஎச் ஒண்ணு, பேனல் மொத்தம் 200 வாட், பேனல் சக்திய வீணாக்காம பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கிற எம்பிபிடி கன்ட்ரோலர். பேனல சீரிஸ்ல (ஒண்ணுக்கடுத்து ஒண்ணா) போடவா, பேரலல்லயா (பக்கம் பக்கமா)? வளையுற பேனல் நல்லதா? வென்னீர் கெட்டில் ஓட்ட இன்வர்ட்டர் போடலாமான்னு வீட்டுல கேக்குறாங்க.

மழைக்குருவி:
வளையுற பேனல் வேணாங்க, நான் ஒட்டி வச்சு அனுபவப்பட்டவ. கூரையோட ஒட்டிக் கிடக்கிறதால அடியில காத்து போகாது, சூடாகி ரெண்டாவது வருஷமே மேல் பூச்சு கொப்பளிச்சுப் போச்சு. கண்ணாடி பேனல ரெண்டு மூணு சென்டிமீட்டர் தூக்கி வைங்க. கூரையில ஃபேன் மூடி நீட்டிட்டு இருக்கும்ல, அதோட நிழல் சாயங்காலம் எங்க விழுதுன்னு பாத்துட்டு ஓட்டையப் போடுங்க. கையகல நிழல் விழுந்தாலே 100 வாட் பேனல் பாதியா இறங்கிடும். மரத்தடியிலதான் நிறுத்துவீங்கன்னா கூரையில ஒண்ணு, வெயில்ல எடுத்து விரிக்கிற மாதிரி மடக்கு பேனல் ஒண்ணுன்னு பிரிச்சுக்கங்க, நான் இப்ப அப்படித்தான் வச்சிருக்கேன்.

செம்புக்கம்பி:
நிழல் வர்ற எடம்னா பேரலல். சீரிஸ்ல வோல்ட் கூடும், வயர் இழப்பு குறையும், ஆனா ஒண்ணு மேல நிழல் விழுந்தா ரெண்டுமே இழுபடலாம். பழைய பேனலையும் புதுசையும் பேரலல்ல சேக்கணும்னா வேலை வோல்ட் (பேனல் ஓடும்போது குடுக்கிற வோல்ட்) கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும், ரெண்டும் 18 பக்கம்னா சேக்கலாம். எம்பிபிடி ஏன்னா, பிடபிள்யூஎம் பேனல பேட்டரி வோல்ட்டுக்கே இழுத்து இறக்கிடும், 18 வோல்ட் 5.5 ஆம்பியர் குடுக்க வேண்டியது 13 வோல்ட் 5.5 ஆம்பியர், அதாவது 72 வாட்தான் உள்ள போகும். 200 வாட்டுக்கு 20 ஆம்பியர் கன்ட்ரோலர் போதும். மாட்டும்போது பேட்டரி மொதல்ல, பேனல் அப்புறம், கழட்டும்போது பேனல் மொதல்ல.

லித்தியத்துக்கு கன்ட்ரோலர்லயும் வீட்டுச் சார்ஜர்லயும் லித்தியம் செட்டிங் இருக்கணும், 14.2லருந்து 14.6க்குள்ள. லெட் ஆசிட்டுக்குன்னு இருக்கிற சல்பேட் நீக்குற மோடு, வோல்ட்ட ஏத்திச் சார்ஜ் பண்ற ஈக்வலைஸ் மோடு ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. பழைய பேட்டரிய லித்தியத்தோட பேரலல்ல சேக்கவே கூடாது. பேட்டரி பூஜ்யம் டிகிரிக்குக் கீழ குளிர்ந்து கிடந்தா சார்ஜ் ஏத்தக்கூடாது, செல்லுக்குள்ள லித்தியம் உலோகமாப் படிஞ்சு நிரந்தரமாக் கெட்டுடும், அந்தக் குளிர்ல தானா சார்ஜ நிறுத்துற பிஎம்எஸ் (பேட்டரிக்குள்ளயே இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட்) இருக்கான்னு கேட்டு வாங்குங்க. பாசிட்டிவ் முனைலருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள மெயின் ஃபியூஸ்.

கெட்டில் வேணாம் தம்பி. 1500 வாட்டுக்கு இன்வர்ட்டர் இழப்பும் சேத்து 12 வோல்ட் பக்கம் 135 ஆம்பியருக்கு மேல இழுக்கும், 100 ஏஎச் பேட்டரியில பிஎம்எஸ் அனேகமா 100 ஆம்பியர்லயே கட் பண்ணிடும். கேஸ் அடுப்புல வைக்கச் சொல்லுங்க. அந்தக் காச ஒரு ஷன்ட் மானிட்டர்ல, அதாவது பேட்டரிக்குள்ள போற வர்ற ஆம்பியர எண்ணி மிச்சத்தக் காட்டுற மீட்டர்ல போடுங்க, லித்தியம் பாதி காலியானாலும் 13 வோல்ட்டுக்கு மேலயே நிக்கும், வோல்ட்ட வச்சு எவ்வளவு மிச்சம்னு கண்டுபிடிக்க முடியாது.

பயணப்பெட்டி:
நாலு ராத்திரி போயிட்டு வந்தாச்சு! பேட்டரியில 13.1 இருக்கும்போது ஃப்ரிட்ஜ் பிளக்குல 12.9. வெயில் நாள்ல 55 ஏஎச் பக்கம் வந்துச்சு, மூணாவது நாள் முழுக்க மழை, 8தான் வந்துச்சு. மறுநாள் காலைல ஷன்ட்ல 32 சதவீதம், ஃப்ரிட்ஜ் நாலு டிகிரியிலயே இருந்தது. ராத்திரி மூணு மணிக்கு நான் தானா முழிச்சு டார்ச் அடிச்சுப் பாத்தேன், பச்சை லைட்டு. கொக்கி எடையும் அளந்தோம், தண்ணி கேன முன்னாடி நகத்திட்டோம். ஒரே ஒரு சந்தேகம், அடுத்த டிரிப் ரெண்டு மாசம் கழிச்சு, லித்தியத்த ஃபுல் சார்ஜ் பண்ணி வைக்கவா?

செம்புக்கம்பி:
வேணாம். 50, 60 சதவீதத்துல விட்டு, மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணி, பேனல் வரவையும் கட் பண்ணிடுங்க. கிளம்புறதுக்கு மொத நாள் ஃபுல் பண்ணிக்கலாம். அப்பவே ஃபியூஸ் ஹோல்டர், முனை நட்டு எல்லாத்தையும் ஒரு தடவ இறுக்கிப் பாருங்க, ரோட்டுக் குலுக்கல்ல லூஸாகும்.

பயணப்பெட்டி:
சரிங்கண்ணா, இன்னிக்கே சுவிட்ச ஆஃப் பண்ணிடறேன்.