நடிகர் விவேக் மறைவு: தடுப்பூசிதான் காரணமா?

கேள்வி:
2021 ஏப்ரல் 15 அன்று கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட விவேக் அவர்கள், 17ஆம் தேதி அதிகாலையில் காலமானார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா? எங்கள் வீட்டில் இன்றும் அந்தச் சந்தேகம் தீரவில்லை.

மறுமொழி:
தொடர்பு இல்லை ஐயா. இதயத்தின் முன்பகுதிக்கு ரத்தம் கொண்டுசெல்லும் இடதுபக்க முக்கியக் குழாய் நூறு சதவீதம் அடைபட்டிருந்ததாக மருத்துவர்கள் 16ஆம் தேதியே தெரிவித்தார்கள்; அடைப்பை நீக்கி குழாயைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழலைப் பொருத்தி, இதயம், நுரையீரலின் வேலையை உடலுக்கு வெளியே இருந்து செய்யும் எக்மோ கருவியின் துணையுடன் சிகிச்சை அளித்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. குழாயில் கொழுப்பு படிவது பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் நடப்பது. அந்தப் படிவு திடீரென வெடித்து, அதன்மேல் ரத்தம் உறையும்போதுதான் பெரும்பாலும் மாரடைப்பு வருகிறது.

மற்றொரு மறுமொழி:
தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் இது தற்செயலாக நேர்ந்தது என்றே முடிவு செய்தது. தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள் என்று மக்களை அழைத்த மனிதரின் மரணத்தையே வதந்திக்குப் பயன்படுத்தியது மிகவும் வேதனையானது.