ரொறன்ரோவில் முதல் கார்: ஹைபிரிட்டா, மின்சாரமா?

தனியாகக் கார் ஓட்ட விடும் ஜீ2 லைசன்ஸ் கையில் கிடைத்ததும் புதிதாக வந்தவர்கள் கேட்கிற முதல் கேள்வி இது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். இரவில் உங்கள் கார் எங்கே நிற்கும்? அந்த இடத்தில் ஒரு பிளக் இருக்கிறதா?

ஸ்காபரோவில் பேஸ்மென்ட் வாடகைக்கு இருக்கிறவருக்கும், மார்க்கத்தில் சொந்த டிரைவ்வே உள்ளவருக்கும் ஒரே கார் சரிவராது. நடுத்தர மின்சாரக் கார் ஒன்று 100 கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 18 யூனிட் மின்சாரம் எடுக்கும். ஒன்ராறியோவில் 2023 மே மாதம் இரவு நேரச் சலுகைக் கட்டணம் வந்தது. இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணி வரை மின்சாரம் மிகவும் மலிவு, தொடங்கியபோது யூனிட் 2.4 சதம். விலை பிறகு மாறியிருக்கிறது. விநியோகக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு 10 சதம் என்று வைத்தாலும் 100 கிலோமீற்றருக்கு 2 டொலர் வராது. அதே காருக்கு வெளியே வேகச் சார்ஜரில் யூனிட் 60 சதப்படி ஏற்றினால் 11 டொலருக்குக் கிட்டப் போகும். பெற்றோல் எஞ்சினும் தானே சார்ஜ் ஆகிற பற்றரியும் சேர்ந்த ரொயோட்டா கொரோலா ஹைபிரிட் அந்தத் தூரத்தை 4.7 லீற்றரில் ஓடும். பெற்றோல் லீற்றர் ஒன்றரை டொலர் என்றாலும் 7 டொலர்தான். வீட்டில் சார்ஜ் பண்ண வழியில்லாதவர் மின்சாரக் கார் எடுத்தால் காசும் மிஞ்சாது, சார்ஜர் வாசலில் காத்திருக்கிற நேரமும் போகும்.

அந்தச் சலுகைத் திட்டத்துக்கு மாறினால் வார நாட்களில் மாலை 4 மணியிலிருந்து 9 மணி வரை விலை ஏறிவிடும். தொடக்கத்தில் அது இரவு விலையின் பத்து மடங்கு. சமையலும் உடுப்புத் தோய்ப்பும் அந்த நேரத்தில் நடக்கிற பெரிய குடும்பம் என்றால் பழைய பில்களை வைத்துக் கணக்குப் பார்த்துவிட்டு மாறுங்கள்.

பிளக் என்றதும் பெரிய செலவு என்று பயப்பட வேண்டாம். சாதாரண 120 வோல்ட் பிளக்கிலேயே மணிக்கு 6 முதல் 8 கிலோமீற்றர் ஓடும் அளவுக்கு ஏறும். இரவு முழுக்க விட்டால் வேலைக்குப் போய்வரப் பலருக்கு அது போதும். கடும் குளிரில் மட்டும் மெதுவாகும். வாடகை வீடென்றால், மின்கட்டணம் யார் கட்டுவது என்பதையும் சேர்த்து, வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பிக் கார் எடுக்க வேண்டாம். சொந்த கொண்டோ என்றால் 2018 இல் வந்த விதிகள் உங்கள் பக்கம்: சார்ஜர் பூட்ட எழுத்தில் விண்ணப்பித்தால் நிர்வாகம் 60 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். பொதுவாகச் செலவு உங்களுடையது.

குளிர்காலம் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. கனடிய வாகன ஓட்டிகள் சங்கமான சிஏஏ 2025 பெப்ரவரியில் ஒட்டாவாவிலிருந்து கியூபெக்கின் மோன் ட்ரெம்பிளாண்ட் நோக்கி 13 மின்சார வாகனங்களை ஓட்டிப் பார்த்தது. மைனஸ் 7 முதல் மைனஸ் 15 வரையான குளிர். அதிகாரபூர்வமாகச் சொன்ன தூரத்தில் 14 முதல் 39 வீதம் வரை குறைந்தது. அதனால் விளம்பரத்தில் உள்ள தூரத்தில் மூன்றில் ஒன்றைக் கழித்துவிட்டு, உங்கள் நாளாந்த ஓட்டத்துக்குக் காணுமா என்று பாருங்கள். குறைந்த மின்சாரத்தில் காரின் உள்ளே சூடாக்குகிற ஹீட் பம்ப் உள்ள மொடலைத் தேடுங்கள்.

ஊரில் ரொயோட்டாவின் அக்வா, பிரியஸ் ஓட்டியவர்களுக்கு ஹைபிரிட் புதிதல்ல. பிளக்கே தேவையில்லாத அதுதான் பேஸ்மென்ட் குடும்பத்துக்கு என் முதல் தெரிவு. இரண்டுக்கும் நடுவில், பிளக்கிலும் சார்ஜ் பண்ணக்கூடிய பிளக்-இன் ஹைபிரிட் இருக்கிறது. அந்த வகையான ரொயோட்டா ராவ்4 பிரைம் பற்றரியில் மட்டும் 68 கிலோமீற்றர் ஓடும் என்று மதிப்பிடப்பட்டது. தினமும் சார்ஜ் பண்ணுகிறவருக்கு அது அருமையான வண்டி. பண்ணாதவர் கூடுதல் விலையும் கொடுத்து, பாரமான பற்றரியையும் சும்மா சுமப்பார். கடும் குளிரில் பல மொடல்களின் எஞ்சின் தானாகவே இயங்கத் தொடங்கும்.

புகை குறைய வேண்டும் என்ற அக்கறை உள்ளவர்களுக்கு ஒன்ராறியோ நல்ல இடம். இங்கே 2014 இல் நிலக்கரி மின்சாரம் முற்றாக நின்றது. இன்று பெரும்பகுதி அணுமின்னும் நீர்மின்னும்தான். பிளக் வசதி இருந்தால் நான் தயங்காமல் மின்சாரக் காரையே எடுக்கச் சொல்வேன். நம் பிள்ளைகள் மூச்சுவிடுகிற காற்று இது.

மின்சாரக் கார் வாங்குவோருக்கு மத்திய அரசு தந்த 5,000 டொலர் வரையான பழைய சலுகை 2025 ஜனவரியில் நின்றது. டீலர் ஏதாவது சலுகை என்று சொன்னால், அரசின் இணையத்தளத்தில் நீங்களே உறுதிப்படுத்துங்கள்.

கையெழுத்து வைக்க முதல் காரின் அடையாள எண்ணைக் கொடுத்துக் காப்புறுதி விலை எடுங்கள். இங்கே ஓட்டிய வரலாறு இல்லாத உங்களுக்கு மாதக் கட்டணம் பெரிதாக வரும், மொடலுக்கு மொடல் மாறும். அடிக்கடி களவு போகிற ஹொண்டா சிஆர்வி, ரொயோட்டா ஹைலாண்டர் போன்றவற்றை விசேடமாகக் கேட்டுப் பாருங்கள். வின்ரர் ரயர் பூட்டினால் தள்ளுபடி தர ஒன்ராறியோக் காப்புறுதிக் கம்பனிகள் 2016 முதல் கடமைப்பட்டவை. அவர்கள் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள்.